சின்ன அரங்கில் நெடிய பியானோக் கச்சேரி: முதல்முறை போகிறவர்களுக்கு

நம் மலேசியாவில் நவீன பியானோ இசைக்குப் பெரிய மண்டபம் கிடைப்பது அபூர்வம். கோலாலம்பூர் செந்தூலில் உள்ள கேஎல்பேக் நிகழ்கலை மையத்தின் சிறிய அரங்கு, பினாங்குத் தஞ்சோங் தோக்கோங் ஸ்ட்ரெய்ட்ஸ் கீயில் இருக்கும் பினாங்பேக் நிகழ்கலை மையம், இசைக்கருவிக் கடையை ஒட்டிய கூடம், ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டின் மாடி என்று இப்படிப்பட்ட இடங்களில்தான் பெரும்பாலும் நடக்கும். நாற்காலிகள் ஐம்பதிலிருந்து இருநூறு வரை இருக்கும். முதல் வரிசையில் உட்கார்ந்தால் பியானோ சில அடி தூரத்தில். நிகழ்ச்சியோ ஒரே படைப்பாக 70 நிமிடம், 90 நிமிடம், சிலவேளை இரண்டு மணி நேரத்தையும் தாண்டும்.

முதல்முறை வருகிறவர்கள் ‘இந்த இசை நமக்குப் புரியுமா’ என்ற கவலையோடு வருகிறார்கள். பாதியில் அவர்களை எழுப்பி வெளியே அனுப்புவது பெரும்பாலும் இசை அல்ல. குளிர், நிறைந்த வயிறு, நிறைந்த சிறுநீர்ப்பை, பொருந்தாத நாற்காலி, இவைதான். அதனால் இங்கே உடம்பைப் பற்றிய பேச்சு கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

டிக்கெட் வாங்கும் முன்

மூன்று விவரங்களைப் பாருங்கள்: எந்தப் படைப்பு, இடைவேளை உண்டா, நாற்காலிக்கு எண் உண்டா.

இடைவேளை பற்றி அறிவிப்பில் எழுதியிருக்கவில்லை என்றால் ஏற்பாட்டாளருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பிக் கேளுங்கள். ‘90 நிமிடம், இடைவேளை இல்லை’ என்பதும் ‘90 நிமிடம், நடுவே 15 நிமிட இடைவேளை’ என்பதும் முற்றிலும் வேறு வேறு மாலைகள். தாமதமாக வந்தால் எப்போது உள்ளே விடுவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். ஒரே மூச்சில் ஓடும் படைப்பில் உள்ளே விடுவதற்கான இடமே இருக்காது. கதவு மூடினால் மூடியதுதான்.

நாற்காலிக்கு எண் இல்லை என்றால், முந்தி வருகிறவருக்கே நல்ல இடம். கதவு பெரும்பாலும் அரை மணி நேரம் முன்னால் திறப்பார்கள். நீங்கள் அதற்கும் பத்து நிமிடம் முன்னால் அங்கே நிற்க வேண்டும்.

குழந்தைகளை அழைத்துப் போவதென்றால் வயது வரம்பைக் கேளுங்கள். வரம்பு இல்லாவிட்டாலும், பியானோ கற்கும் பத்து வயதுப் பிள்ளையையே மிக மெல்லிய ஒலியில் ஓடும் ஒன்றரை மணி நேர இசைக்கு இழுத்துப் போவது யாருக்கும் நல்லதில்லை. சிறு சிறு துண்டுகளாக உள்ள நிகழ்ச்சியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

என்ன வாசிக்கப் போகிறார்கள்

‘நவீனம்’ என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இசைகள் வருகின்றன. எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் 1944இல் எழுதிய ‘குழந்தை இயேசுவின் மீது இருபது பார்வைகள்’ ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இருபது துண்டுகள். கத்தோலிக்க பக்தி, பறவைகளின் கூவல், பெரிய மணி அடிப்பது போன்ற கொத்துகள் (பல கட்டைகளை ஒருசேர அழுத்தும் ஒலிகள்) எல்லாம் இதில் உண்டு. முதல் துண்டு மிக மிக மெதுவானது. அதில் வரும் இறைவனுக்கான கருவை, அதாவது இறைவனைக் குறிக்கும் சிறு இசைவரியை, நினைவில் பதித்துக்கொள்ளுங்கள். 5, 15, 20ஆம் துண்டுகளில் அது திரும்ப வரும்போது எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். 6ஆம் துண்டு சுமார் பத்து நிமிடம் நீளும் வேகமான, உரத்த பகுதி. அதைக் கேட்டுக் களைத்தவர்கள் இன்னும் பதினான்கு துண்டுகள் பாக்கி என்பதை மறந்துவிடக் கூடாது.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் உள்ள 120 தேசி தாளங்களின் பட்டியலை மெசியான் ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அதைப் பயன்படுத்தினார். 5ஆம் துண்டில் ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் மூன்றையும் ஒரே சரமாகக் கோத்து, அதே சரத்தை ஒவ்வொரு ஒலியும் ஒன்றரை மடங்காக நீண்டபடி கூடவே ஓட விடுகிறார். ஆனால் தொடையில் தாளம் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். அவர் எடுத்துக்கொண்டது கால அளவுகளின் வரிசையை மட்டும்தான். சமம் வந்து விழும் இடம் என்று எதுவும் காதில் கேட்காது.

மோர்ட்டன் ஃபெல்ட்மனின் ‘ட்ரையாடிக் மெமரீஸ்’ (1981), ‘ஃபார் பனீட்டா மார்கஸ்’ (1985) இரண்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல். முதலாவது, வாசிப்பவரின் வேகத்தைப் பொறுத்து ஒன்றரை மணி நேரத்தையும் எட்டும். தொடக்கம் முதல் முடிவு வரை மிக மெல்லிய ஒலி. சிறு வடிவம் ஒன்று பல முறை வரும், ஒவ்வொரு முறையும் இடைவெளி சற்றே மாறும், பிறகு அது போய் இன்னொன்று வரும். உச்சக்கட்டம் என்று ஒன்று இல்லை. அதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். சின்ன அரங்குக்கு இதைவிடப் பொருத்தமான இசை இல்லை, ஆனால் கேட்பவர்களிடம் இதைவிட அதிகமாகக் கேட்கும் இசையும் இல்லை. உங்கள் நாற்காலியின் முனகலும் இந்த இசையின் அளவும் ஏறக்குறைய ஒன்று.

ஜான் கேஜ் 1946இலிருந்து 1948 வரை எழுதிய ‘சொனாட்டாக்களும் இடையிசைகளும்’ வேறு ரகம். 16 சொனாட்டா, 4 இடையிசை. எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பியானோவின் கம்பிகளுக்கு நடுவே திருகாணி, போல்ட், ரப்பர், பிளாஸ்டிக் துண்டு என்று செருகிவைப்பார்கள். 88 கட்டைகளில் 45 கட்டைகளின் ஒலி இதனால் மாறிவிடும். எந்தப் பொருள், எந்தக் கம்பிக்கு நடுவே, எவ்வளவு தூரத்தில் என்று அளவுப் பட்டியலே உண்டு. செருகி முடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். கமெலான் எனும் வெண்கலத் தாளவாத்திய இசையைக் கேட்டுப் பழகிய மலேசியக் காதுக்கு இது அந்நியமாகவே இருக்காது. கேஜுக்குத் தூண்டுதல் தந்தது ரசங்களைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி எழுதியவை. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அதே குமாரசுவாமிதான். ஒன்பது ரசங்களையும், அவையெல்லாம் சாந்தத்தை நோக்கிப் போவதையும் இந்த இசையில் காட்ட முயன்றதாகக் கேஜ் சொல்லியிருக்கிறார். எந்தத் துண்டு எந்த ரசம் என்று அவர் குறித்துவைக்கவில்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஃபிரெடெரிக் ஜெஃப்ஸ்கியின் 1975ஆம் ஆண்டுப் படைப்பு, ‘ஒன்றுபட்ட மக்கள் ஒருபோதும் தோற்பதில்லை’. சிலி நாட்டில் செர்ஜியோ ஒர்தேகா இசையமைத்த போராட்டப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு 36 விதமாக மாற்றி வாசிக்கும் இது, சுமார் ஒரு மணி நேரம். பாட்டு முதலிலேயே முழுதாக வரும், யாராலும் முணுமுணுக்க முடியும். 36 மாற்றங்களும் ஆறு ஆறாகக் கட்டப்பட்டவை. ஒவ்வொரு கட்டிலும் ஆறாவது மாற்றம் முந்தைய ஐந்தையும் சுருக்கித் திரும்பக் காட்டும். விரலால் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டே போகலாம். நடுவே வாசிப்பவர் சீட்டி அடிக்கலாம், கட்டை மூடியைப் படாரென்று மூடலாம், முடிவுக்குச் சற்று முன் தன் மனம்போல் சில நிமிடம் வாசிக்கலாம். இவையெல்லாம் சுரக்குறிப்பில் உள்ளவை அல்லது அதில் அனுமதிக்கப்பட்டவை. மறுபடி அந்தப் பாட்டு முழுதாக வந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

இன்னும் சில பெயர்கள் கண்ணில் படலாம். சார்ல்ஸ் ஐவ்ஸின் ‘கான்கார்ட்’ சொனாட்டாவில் ஏறக்குறைய 37 சென்டிமீட்டர் நீள மரப்பலகையை வைத்துக் கட்டைகளைக் கூட்டமாக அமுக்கும் இடம் உண்டு. பியானோ உடைந்துவிடும் என்று பதற வேண்டாம். பம்பாய்ப் பார்சித் தந்தையின் மகனாக இங்கிலாந்தில் பிறந்த சொராப்ஜி 1930இல் முடித்த பெரும்படைப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டும். அதை முதல் கச்சேரியாக வைத்துக்கொள்ளாதீர்கள். எரிக் சத்தியின் ‘வெக்ஸேஷன்ஸ்’ ஒரே பக்கம், ஆனால் 840 முறை. 1963இல் நியூயார்க்கில் கேஜ் ஏற்பாடு செய்தபோது 18 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. 5 டாலர் நுழைவுக் கட்டணத்தில், இருந்து கேட்ட ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 5 சென்ட் திருப்பிக் கொடுத்தார்கள். இதற்கு மட்டும் வரலாம், போகலாம், சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

ஒரு வாரம் முன்னால்

முழுப் படைப்பையும் யூடியூப்பில் கேட்டுவிட்டுப் போக வேண்டாம். கைப்பேசி ஒலிபெருக்கியில் ஃபெல்ட்மனைக் கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அந்த எண்ணத்தோடு வந்து உட்காருவது தப்பான தொடக்கம். காதொலிப்பானில் முதல் பத்து நிமிடம் மட்டும் கேளுங்கள். மறுநாள் அதே பத்து நிமிடத்தை மறுபடி கேளுங்கள். அரங்கில் அந்தப் பகுதி வரும்போது தெரிந்த முகத்தைப் பார்த்தது போல இருக்கும், காது உடனே நிலைகொள்ளும். ஜெஃப்ஸ்கி என்றால் தொடக்கப் பாட்டை மட்டும் மனப்பாடமாகும் வரை கேட்டால் போதும். மெசியான் என்றால் முதல் துண்டு.

பதிவின் நீளத்தையும் பார்த்துவையுங்கள். பியானோக் கலைஞருக்குக் கலைஞர் வேகம் மாறும். இரண்டு மூன்று பதிவுகளைப் பார்த்தால் குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று தெரியும். வீட்டுக்குத் திரும்பும் ஏற்பாட்டுக்கு இது தேவை.

அன்றைக்கு

எட்டு மணிக் கச்சேரி என்றால் சாப்பாட்டை ஆறரைக்குள் முடியுங்கள். இரண்டு தோசை, அல்லது சப்பாத்தியும் பருப்பும். வாழையிலைச் சாப்பாடும் நாசி கண்டாரும் கச்சேரிக்குப் பிறகு. நிறைந்த வயிறு இருட்டு அரங்கில் இருபதாவது நிமிடம் தூக்கத்தைக் கொண்டுவரும், காலி வயிறு மெல்லிய இடத்தில் உரக்கப் பேசும். இரண்டையும் மற்றவர்கள் கேட்பார்கள். ஏழு மணிக்கு மேல் தே தாரிக்கும் வேண்டாம், கோப்பியும் வேண்டாம். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, தேவைப்பட்டாலும் இல்லாவிட்டாலும், கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள்.

பிற்பகல் நான்கிலிருந்து ஏழுக்குள் மழை பிடித்தால் கோலாலம்பூரில் சாலைகள் நின்றுவிடும், கிராப் கார்க் கட்டணம் ஏறிவிடும். ரயிலில் வருவதே நம்பகமானது. கேஎல்பேக்குக்கு செந்தூல் எல்ஆர்டி நிலையத்திலோ கொமுட்டர் நிலையத்திலோ இறங்கி, மிச்சத் தூரத்துக்கு மட்டும் கிராப் எடுக்கலாம். பினாங்கில் பாலத்தைக் கடந்து வருகிறவர்கள் மாலை நெரிசலைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து படகில் வந்தால் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை முன்பே பாருங்கள். ஜார்ஜ்டவுன் கடைவீட்டு அரங்குகளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம். சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதே மேல்.

உடைக்குப் பெரிய விதி இல்லை. பெட்ரோனாஸ் ஃபில்ஹார்மோனிக் மண்டபத்தைப் போன்ற கட்டுப்பாடு சின்ன அரங்குகளில் பொதுவாகக் கிடையாது. ஆனால் துணியின் ஓசையைப் பாருங்கள். காஞ்சிபுரம் பட்டு அசைந்தால் சலசலக்கும். நைலான் மழைச் சட்டை அதைவிட மோசம். கண்ணாடி வளையலும் கொலுசும் வீட்டிலேயே இருக்கட்டும். பருத்திச் சேலையோ, சுரிதாரோ, சாதாரணச் சட்டையோ நிம்மதி. மேலே போர்த்த ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர் இவ்வளவு ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊர் ஈரப்பதத்தில் பியானோவின் மரப்பலகை உப்பும், ஏர்கோனில் சுருங்கும். இரண்டும் சுருதியைக் கலைக்கும். அதனால் காலையிலோ பிற்பகலிலோ ஏர்கோனைப் போட்டு, அந்தக் குளிரிலேயே சுருதி சேர்த்து, கச்சேரி முடியும் வரை அதை மாற்றாமல் வைத்திருப்பார்கள். நடுவில் ‘குளிருது, கொஞ்சம் குறைங்க’ என்று கேட்டால் மறுக்கத்தான் செய்வார்கள். இடைவேளையில் ஒருவர் வந்து கம்பிகளைத் திருகிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் ஏதோ கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். இரண்டு மணி நேர உரத்த வாசிப்பில் சுருதி இறங்குவது இயல்பு.

கைப்பேசி

இதற்குத் தனித் தலைப்பு தேவைப்படும் அளவுக்கு இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஒலியைக் குறைத்துவைப்பது போதாது. ‘சைலண்ட்’ நிலையிலும் அலாரம் அடிக்கும். மாத்திரைக்காக ஒன்பது மணிக்கு அலாரம் வைத்திருப்பவர்களும், தொழுகை நேரச் செயலி வைத்திருப்பவர்களும் மறந்துவிடுவது இதைத்தான். அதிர்வு நிலையும் உதவாது. மரத்தரை மேல் வைத்த பைக்குள் கைப்பேசி அதிர்ந்தால் தரையே பெருக்கிக் காட்டும். முழுவதுமாக அணைத்துவிடுங்கள். கைக்கடிகாரத் திரை, கை அசைந்தால் எரியும் ரகமென்றால் அதையும் அணைத்துவிடுங்கள் அல்லது கழற்றிப் பையில் போடுங்கள். இருட்டறையில் ஒரு சின்ன வெளிச்சம் பத்துப் பேரின் கண்ணை இழுக்கும்.

படம் எடுப்பது கடைசிக் கைதட்டலின்போது மட்டும். மேடை ஓரத்தில் ஒலிவாங்கித் தாங்கிகள் நின்றால் கச்சேரி பதிவாகிறது என்று பொருள். உங்கள் இருமலும் அதில் இருக்கும்.

எங்கே உட்காருவது

பியானோ எப்போதும் கலைஞரின் வலப்பக்கம் பார்வையாளர்களை நோக்கி இருக்கும்படி வைக்கப்படும். மூடியும் அந்தப் பக்கமே திறக்கும். எனவே பார்வையாளர் பக்கமிருந்து பார்த்தால் இடப்புறம் உட்காருகிறவர்களுக்கு விரல்கள் தெரியும். வலப்புறம் உட்காருகிறவர்களுக்கு விரல் தெரியாது, முகம் தெரியும். மூடியில் பட்டுத் திரும்பும் ஒலி அங்கே நிறைவாகக் கேட்கும். நவீன இசையில் கை குறுக்கே பாய்வது, முழங்கையால் அமுக்குவது, பியானோவுக்குள் கைவிட்டுக் கம்பியை மீட்டுவது என்று பார்ப்பதற்கு நிறைய இருப்பதால், முதல்முறை வருகிறவர் இடப்புறம் போகட்டும்.

முதல் வரிசை வேண்டாம். ஒலி பியானோவுக்கு அடியிலிருந்தும் வரும், காலால் மிதிக்கும் பெடல் கிறீச்சிடுவதும், கம்பிகளின் ஒலியை அடக்கும் கம்பளித் துண்டுகள் மேலெழும்போது வரும் ‘ஹ்ஹ’ என்ற மூச்சொலியும் கேட்கும். ஃபெல்ட்மனுக்கு அது அழகு. மெசியானின் உரத்த இடங்களில் காது வலிக்கும். தரை சமதளமாக இருந்தால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் முன்தலைகள்தான் தெரியும். ஆக இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசை, இடப்புறம், நடைபாதையை ஒட்டி. படிப்படியாக உயரும் இருக்கை என்றால் இன்னும் மேலே போகலாம். கேஜ் என்றால் மேலிருந்து பார்த்தால் கம்பிகளுக்கு நடுவே உள்ள திருகாணிகளும் தெரியும்.

இடம் பிடித்தவுடன் நாற்காலியைச் சோதியுங்கள். முன்னும் பின்னும் ஒருமுறை அசையுங்கள். முனகினால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். தலைக்கு நேர்மேலே ஏர்கோன் காற்று விழுகிறதா என்று பாருங்கள். முதுகுவலிக்காரர்கள் சின்னத் தலையணை ஒன்று கொண்டுவரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இருமலுக்கான இனிப்பு மாத்திரையின் காகிதத்தை உரித்துக் கைக்குட்டைக்குள் தயாராக வையுங்கள். பை மடியில் வேண்டாம், காலடியில் சாய்ந்து விழாதபடி.

வாசிப்பு தொடங்கிய பிறகு

முதல் பத்து நிமிடம் எதையும் புரிந்துகொள்ள முயலாதீர்கள். எங்கிருந்து ஒலி வருகிறது, எப்போது மறைகிறது என்று மட்டும் பாருங்கள். பியானோவில் ஓர் ஒலி பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். பெடல் அழுத்தியிருந்தால் மெதுவாக, விட்டால் சட்டென்று. இந்த இசையில் பாதி, அந்தத் தேய்வில் நடக்கிறது. கலைஞரின் வலக்காலைப் பாருங்கள், காது தானாகப் பின்தொடரும்.

பிறகு ஒரே ஒரு பிடிமானம் வைத்துக்கொள்ளுங்கள். மெசியானில் துண்டுகளின் எண்ணிக்கை, ஜெஃப்ஸ்கியில் ஆறு ஆறு, ஃபெல்ட்மனில் ‘இப்போது வந்தது முன்பு வந்ததா, புதிதா’ என்ற கேள்வி. மனம் அலைந்து வீட்டு வாடகைக்குப் போய்விட்டால் பரவாயில்லை. திரும்பி வந்ததும் விட்ட இடத்தைத் தேடாமல், அப்போது ஒலிப்பதிலிருந்து தொடருங்கள். இருபத்தைந்திலிருந்து நாற்பதாவது நிமிடம் வரை பெரும்பாலோருக்குக் கடினமான கட்டம்: நேரம் நகரவே நகராது. அது கடந்துவிட்டால் நீளம் உறுத்துவதில்லை. கண் அயர்ந்தாலும் குற்றமில்லை. குறட்டை விடுகிறவர் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் தட்டி எழுப்பச் சொல்லிவையுங்கள்.

இருமல் வந்தால் உரத்த இடத்துக்குக் காத்திருங்கள். முடியாவிட்டால் கைக்குட்டையை மடித்து வாயில் அழுத்தி இருமுங்கள். வெறும் கையை வைத்து மறைப்பதைவிட ஒலி நன்றாகக் குறையும். அடக்கி அடக்கி ஐந்து முறை கனைப்பதைவிட ஒருமுறை இருமி முடிப்பது நல்லது.

வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்றால், துண்டுகளுக்கு இடையிலோ உரத்த பகுதியிலோ எழுங்கள். மடங்கும் இருக்கையைக் கையால் பிடித்து மெல்ல விடுங்கள். கதவுப் பிடியை அழுத்தியபடியே வெளியேறி, அழுத்தியபடியே மூடி, பிறகு பிடியை விடுங்கள். திரும்பி வந்தால் பழைய இடத்துக்கு நடக்காமல் பின்சுவரோரம் நில்லுங்கள்.

வெளி ஓசைகள் வரத்தான் செய்யும். இஷா தொழுகைக்கான பாங்கு எட்டு மணியைத் தாண்டி ஒன்பதுக்குள் ஒலிக்கும், எட்டு மணிக் கச்சேரியின் முதல் மெல்லிய பகுதியில் அது சரியாக வந்து சேரும். ஜார்ஜ்டவுனில் மோட்டார் சைக்கிள், தகரக்கூரை இருந்தால் மழை. கலைஞர் நிறுத்திக் காத்திருக்கலாம், தொடர்ந்தும் வாசிக்கலாம். திரும்பிப் பார்ப்பதும் உச்சுக்கொட்டுவதும் இன்னோர் ஓசைதான்.

நிகழ்ச்சி நிரலில் கேஜின் ‘4 நிமிடம் 33 வினாடி’ இருந்தால் கலைஞர் கட்டை மூடியை மூடி அமர்வார், ஒன்றும் வாசிக்க மாட்டார். 1952இல் முதல்முறை டேவிட் டியூடர் செய்ததும் அதுதான். மூன்று பகுதிகள், மூடி திறந்து மூடுவதை எண்ணிக்கொள்ளலாம். சிரிப்பு வந்தால் வரட்டும், ஆனால் பேச்சு வேண்டாம்.

கைதட்டல்

கர்நாடகக் கச்சேரிப் பழக்கம் நமக்கு இங்கே தடுமாற்றம் தரும். நல்ல சங்கதிக்குத் தலையாட்டி ‘பலே’ சொல்வதும், தனி ஆவர்த்தனத்துக்குக் கைதட்டுவதும் அங்கே மரியாதை. இங்கே முழுப் படைப்பும் முடியும் வரை கை மடியில். மெசியானின் 20 துண்டுகளுக்கு நடுவிலும் அப்படியே. நடுவே யாராவது தட்டிவிட்டால் சேர்ந்துகொள்ளவும் வேண்டாம், முறைக்கவும் வேண்டாம்.

முடிந்தது என்று எப்படித் தெரியும்? கட்டையிலிருந்து கை எடுத்தது போதாது. பெடலில் கால் இருக்கும் வரை ஒலி இருக்கிறது. கால் எழுந்து, கை மடிக்கு வந்து, தோள் தளர்ந்து, உங்களை நோக்கித் திரும்பினால்தான் முடிவு. சந்தேகம் இருந்தால் இரண்டாவது ஆளாகத் தட்டுங்கள். டேப்லெட் திரையில் பக்கம் புரட்டும் கால்பெடலைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். இடக்கால் அசைவதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நெடிய படைப்புக்குப் பிறகு இன்னொன்று வாசிக்கும்படி கேட்டு விடாமல் தட்டும் வழக்கம் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் வாசித்த கை அது.

முடிந்த பின்

சின்ன அரங்கின் பெரிய வசதி, கலைஞர் பத்து நிமிடத்தில் வெளியே வந்து நிற்பார். ‘ரொம்ப நல்லா இருந்தது’ என்பதற்கு மேல் என்ன கேட்பது என்று தயங்க வேண்டாம். ‘நடுவே மரக்கட்டையில் தட்டியது போலக் கேட்டதே, அது எப்படி?’ ‘எந்த இடம் வாசிக்க அதிகம் களைப்பு?’ இப்படிப்பட்ட கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் வரும். புரியாத இடத்தைப் புரியவில்லை என்றே கேளுங்கள்.

கேஜ் வாசித்த பியானோவைச் சுற்றிக் கூட்டம் கூடும். எட்டிப் பார்க்கலாம், கேட்டுக்கொண்டு படமும் எடுக்கலாம். கம்பியைத் தொடக் கூடாது: விரல் வியர்வை படும் இடத்தில் இந்தத் தட்பவெப்பத்தில் துரு விரைவில் ஏறும், திருகாணி ஒன்று நகர்ந்தால் மறுநாள் நிகழ்ச்சிக்கு அந்த ஒலி போய்விடும். மூடியின் மேல் பையோ தண்ணீர்ப் போத்தலோ வைக்காதீர்கள்.

ரயிலில் திரும்புகிறவர்கள் கடைசி வண்டிக்குக் குறைந்தது முக்கால் மணி நேரம் முன்னால் அரங்கை விட்டுக் கிளம்புங்கள். கிராப் எடுப்பவர்கள், எல்லோரும் வாசலில் நின்று ஒரே நேரத்தில் அழைக்கும் முதல் பத்து நிமிடத்தைத் தவிர்த்து, கலைஞரிடம் பேசிவிட்டு வந்து அழைத்தால் கட்டணமும் இறங்கியிருக்கும். வாழையிலைக் கடை அதற்குள் மூடியிருக்கும். மாமாக் கடை திறந்திருக்கும்.